எச்சில் கிட் வாங்கும் முன் அத்தையின் பயாப்ஸி ரிப்போர்ட்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 38. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு 42 வயது, ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். எச்சிலைக் குழாயில் துப்பிக் கூரியரில் அனுப்பினால் என்னென்ன நோய் வரும் என்று சொல்லிவிடுகிற ஜீன் டெஸ்ட் கிட் இருக்கிறது என்று கோயமுத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் தம்பி சொன்னான். சர்க்கரை, மாரடைப்பு, புற்றுநோய், மறதி நோய் எல்லாம் அதில் தெரியுமாம். ஒருவருக்கு 11,000 ரூபாய், நான்கு பேருக்குச் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி. நான், வீட்டுக்காரர், அப்பா, 11 வயது மகள் நால்வருக்கும் எடுத்துவிடலாம் என்கிறான்.

அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. மாமனாருக்கும் இருந்தது. அப்பாவின் அக்கா 43 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டார். சின்ன அத்தை காங்கேயத்தில் இருக்கிறார், போன வருடம் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, ஆறு தடவை ஊசி மருந்து ஏற்றினார்கள். "அதெல்லாம் உங்க அப்பா வழிப் பொம்பளைங்களுக்கு வந்தது, உனக்கு என்னோட உடம்புதான், ஒண்ணும் வராது" என்கிறார் அம்மா. இந்தப் பணத்தைச் செலவு செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பேருக்குக் கிட் வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் இரண்டு அத்தைகளைப் பற்றிய வரிகளைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சர்க்கரைக்கும் மாமனாருக்கும் பிறகு போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் உங்களோடு நிறையப் பேச வேண்டும். முதலில் கிட் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஒவ்வொரு செல்லிலும் உள்ள மரபுச் செய்தி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் நீளம். இந்த மாதிரி கிட்டுகளில் பெரும்பாலானவை அதை முழுக்கப் படிப்பதில்லை. அங்கங்கே குறித்துவைத்த சில லட்சம் இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்க்கின்றன. சர்க்கரை, மாரடைப்பு போன்ற நோய்களுக்கு ஒரே ஒரு ஜீன் காரணமில்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாய் ஆபத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் வரைந்து அனுப்புகிறார்கள். அந்த மதிப்பெண் முறைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவாக்கப்பட்டவை. நம்மவர்களிடம் அவற்றின் துல்லியம் குறைந்துபோகிறது. 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் நம் நாட்டு மக்கள் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து, ஆய்வாளர்கள் பயன்படுத்த 2025 ஜனவரியில்தான் திறந்துவிட்டார்கள். நமக்கென்று நம்பகமான கணக்கு வர இன்னும் வேலை இருக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜராக இருப்பவர் என்னிடம் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கையில் ஸ்பைரல் பைண்டிங் செய்த வழுவழுப்பான ரிப்போர்ட். உட்கார்ந்ததும் ஒரு பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். சர்க்கரை நோய் என்று தலைப்பு, பக்கத்தில் பச்சை வட்டம். "இதுல ஒண்ணும் இல்லீன்னுதானுங்க போட்டிருக்குது. அப்புறம் ஏனுங்க இந்தப் புண்ணு ஆற மாட்டீங்குது?" என்று கேட்டபடி வலது கால் சாக்ஸைக் கழற்றினார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண், ஓரமெல்லாம் வெளுத்துத் தடித்திருந்தது. சாக்ஸிலும் கசிவு ஒட்டியிருந்தது. அவருக்கு வலியே இல்லை, எனக்குப் பயம் தந்தது அதுதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எடுத்தோம், 9.4 வந்தது; 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். சில வருடங்களாகவே சர்க்கரை இருந்திருக்க வேண்டும். பச்சை வட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர் ரத்தப் பரிசோதனையே செய்யவில்லை. அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அவருடைய பரம்பரை ஆபத்து சராசரி என்று மட்டும்தான் சொன்னது. நம் நாட்டில் சராசரி என்றால் என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, அதன் விளிம்பில் இன்னும் 13 கோடிக்கு மேல். சராசரி என்பதைப் பாதுகாப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு எச்சில் தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். சென்னையில் டாக்டர் வி. மோகன் அவர்களின் ஆராய்ச்சிக் குழு 2005இல் நம் மக்களுக்கென்றே ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்ற நான்கே கேள்விகள், மொத்தம் 100. வயது 35 முதல் 49 வரை என்றால் 20. ஆண்களுக்கு இடுப்பு 90 முதல் 99 சென்டிமீட்டர் வரை என்றால் 10, 100ஐத் தொட்டால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10. மண்டியில் நாளெல்லாம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற 42 வயதுக்காரர், இடுப்பு 95 என்று வைத்துக்கொள்வோம், அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, ஆக 70. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் அதிக ஆபத்து. அடுத்து வெறும் வயிற்றில் ஒரு ரத்தச் சர்க்கரை பார்த்துவிட வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். கூடவே பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பும் ஒருமுறை பார்க்கட்டும். அதில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 190ஐத் தாண்டினால் அது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம், உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அதைக்கூட முதலில் காட்டிக்கொடுப்பது சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தே 20 வருடம் ஆகிவிட்டது. அவருக்கு அது வருமா என்று கேட்டுப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. கண், சிறுநீரகம், கால் மூன்றையும் வருடம் ஒருமுறை பரிசோதிக்க அந்தப் பணம் உதவட்டும்.

சரி, இனி அத்தைகள்.

நம் பக்கத்தில் பெண்களுக்கு அடிவயிற்றில் என்ன வந்தாலும் 'கர்ப்பப்பைக் கட்டி' என்றுதான் சொல்வார்கள். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடு என்றால் இன்னும் மூடிவைப்பார்கள். சின்ன அத்தைக்கு ஆறு தடவை ஊசி மருந்து ஏற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கீமோதெரபியாகத்தான் இருக்க வேண்டும், சாதாரணக் கட்டிக்கு அப்படி ஏற்ற மாட்டார்கள். எந்த இடத்துப் புற்றுநோய் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலே இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் அது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. கர்ப்பப்பையின் உள் சவ்வில் வந்தது என்றால், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்பேன், ஏனென்றால் இவை இரண்டும் சேர்ந்து வருகிற பரம்பரை வகை ஒன்று உண்டு. சினைப்பையில் வந்தது என்றால், அக்காவுக்கு 43 வயதில் மார்பகம், தங்கைக்குச் சினைப்பை, இந்தச் சேர்க்கையைப் பார்த்ததும் எந்த மருத்துவரும் பி.ஆர்.சி.ஏ. ஜீன்களைத்தான் நினைப்பார்.

பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று இரண்டு ஜீன்கள். சேதமான டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பது இவற்றின் வேலை. ஒவ்வொன்றிலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு நகல் உண்டு. அதில் ஒரு நகல் பிறவியிலேயே பழுதாக இருந்தால், அந்தப் பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைத் தாண்டும். சினைப்பைக்கு பி.ஆர்.சி.ஏ. 1 என்றால் 39 முதல் 58 வரை, பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் 13 முதல் 29 வரை. இவை பெரும்பாலும் மேல்நாட்டுக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு. இருந்தாலும் இங்கே ஆபத்து ஒன்றரை மடங்கு, ஒன்றேகால் மடங்கு என்ற பேச்சு இல்லை. ஒரே ஒரு ஜீன் இவ்வளவு தூரம் முடிவு செய்கிற இடத்தில் மரபணுப் பரிசோதனை உயிரைக் காப்பாற்றும். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் தன் மார்பகங்களை முன்கூட்டியே அகற்றிக்கொண்டதாக எழுதியது நினைவிருக்கும். அவருடைய அம்மா 56 வயதில் புற்றுநோயில் இறந்தவர். குடும்பத்தின் கதைதான் அவரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனது.

உங்கள் அம்மா சொன்னதற்கு வருகிறேன். தயவுசெய்து அவர்மேல் கோபப்பட வேண்டாம், என்னிடம் வருகிற படித்தவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெண்களுக்கு வரும் புற்றுநோய் அம்மா வழியில்தான் வரும் என்பது தவறு. இந்த ஜீன்கள் ஆண், பெண் இருவரிடமும் இருக்கின்றன. அப்பா பழுதான நகலைச் சுமந்துகொண்டு, தனக்கு ஒன்றும் வராமலேயே எழுபது எண்பது வயது வரை இருப்பார். அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது போய்ச்சேர சரிபாதி வாய்ப்பு. அத்தைகளுக்கு வந்தது என்றால் அது உங்கள் அப்பாரு, அப்பத்தா இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். அதே இருவருக்குப் பிறந்தவர்தான் உங்கள் அப்பாவும். உங்கள் தம்பியும் இதில் விலகி நிற்க முடியாது. ஆண்களுக்கு, முக்கியமாக பி.ஆர்.சி.ஏ. 2 பழுதானால், புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடும், அரிதாக மார்பகப் புற்றுநோய்கூட வரும்.

அப்படியானால் அந்தக் கிட்டில் இதையும் பார்த்துவிடலாமே என்று தம்பி கேட்பார். கூடாது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த அமெரிக்க நிறுவனம் 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ'. நோய் ஆபத்து ரிப்போர்ட்டுகளை விற்பதை நிறுத்தச் சொல்லி 2013இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2018இல் பி.ஆர்.சி.ஏ. பார்க்க அனுமதி கொடுத்தபோது, மூன்றே மூன்று மாற்றங்களைப் பார்க்கத்தான் அனுமதி. அந்த மூன்றும் அஷ்கெனாசி என்ற ஐரோப்பிய வம்சாவளி யூத மக்களிடம் அதிகம் காணப்படுபவை. இந்த ஜீன்களில் நோய் தரக்கூடிய மாற்றங்களோ ஆயிரத்துக்கும் மேல். மூன்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊரிலேயே ஆள் இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அப்படி வருகிற 'பிரச்சினை இல்லை'யை நம்பி நீங்கள் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்காமல் விட்டால், திருப்பூர்க்காரரின் கால் கதைதான். மறுபக்கமும் உண்டு. இப்படிப்பட்ட கிட்டுகளின் மூலத் தரவில் நோய் மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்களை ஒரு மருத்துவ ஆய்வகம் திரும்பப் பரிசோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 40 மாற்றங்கள் அங்கே இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பாள்.

உங்களுக்குத் தேவைப்படக்கூடியது, அந்த ஜீன்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிற மருத்துவப் பரிசோதனை. கிட்டைவிடச் செலவு கூடவே ஆகும். ஆனால் முதலில் பரிசோதிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, சின்ன அத்தை. நோய் வந்தவரிடம் தேடினால்தான் கிடைக்க வேண்டியது கிடைக்கும். உங்களைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்தில் பழுது இருந்து உங்களுக்கு வரவில்லையா, அல்லது குடும்பத்துப் பழுதை இந்தப் பரிசோதனையால் பிடிக்க முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. அத்தையிடம் ஒரு மாற்றம் கிடைத்துவிட்டால், அந்த ஒரே இடத்தை மட்டும் மற்றவர்களிடம் பார்த்தால் போதும், செலவும் வெகுவாகக் குறையும். அத்தைக்கு இருந்தால் உங்கள் அப்பாவுக்கு இருக்க பாதி வாய்ப்பு, உங்களுக்குக் கால் வாய்ப்பு. அப்பாவுக்கு இல்லை என்று உறுதியானால் உங்களுக்கும் தம்பிக்கும் அந்த வழியில் வராது, உங்கள் மகளுக்கும் வராது. ஒரே ரத்தப் பரிசோதனையில் மூன்று பேரின் கவலை தீர்ந்துவிடும். அத்தைக்கும் நேரடியான பலன் உண்டு. பி.ஆர்.சி.ஏ. பழுதால் வந்த சினைப்பைப் புற்றுநோய்க்கு ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. அவருடைய புற்றுநோய் மருத்துவர் ஏற்கெனவே இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு, ஃபைலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடிவு எப்போதும் ஆம், இல்லை என்று தெளிவாக வராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 'பொருள் இன்னும் தெரியாத மாற்றம்' என்று சில சமயம் வரும். நம் மக்களின் தரவு குறைவாக இருப்பதால் நமக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. அதை வைத்து யாரும் எந்த உறுப்பையும் எடுத்துவிடக் கூடாது. இதையெல்லாம் பரிசோதனைக்கு முன்பே உட்கார்ந்து பேச மரபணு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கோயமுத்தூரில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள், வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்று தனித் துறையே உண்டு.

இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது என்றுதான் மனது ஓடும். செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். வருடம் ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ.யும் மேமோகிராமும் எடுத்தால் வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம். சினைப்பையில்தான் சிக்கல், அதை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. அதனால் பி.ஆர்.சி.ஏ. 1 பழுது உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்திருந்தால், 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறோம், பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். உங்களுக்கு 38. பயமுறுத்தச் சொல்லவில்லை, அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த முடிவுகளுக்காகக் காத்திருக்காமல் மார்பகப் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய் ஆகிய புற்றுநோய்களுக்கு வீடு தேடி வந்து அழைப்பு கொடுத்துப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஈரோடும் ஒன்று. உங்கள் பகுதி செவிலியரிடம் கேளுங்கள். அத்தை 43 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், கையால் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் மேமோகிராமுக்கு அனுப்புவார்கள்.

மகளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பெரியவர்களாகி வருகிற நோய்களுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் பார்ப்பதில்லை என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் வழக்கம். 11 வயதில் தெரிந்துகொண்டு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுடையது. மறதி நோய்க்கும் இதையே சொல்வேன். ஏ.பி.ஓ.ஈ. என்ற ஜீனை வைத்து அந்த ஆபத்தைக் கொஞ்சம் சொல்லலாம்தான். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் உலகத்துக்கு வெளியிட்டபோது, அந்த ஒரு ஜீனை மட்டும் தனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகளுக்கு இப்போது போட வேண்டியது எச்.பி.வி. தடுப்பூசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றும், போட ஏற்ற வயதும் இதுதான்.

இன்னொன்று, இந்தத் தகவல் உங்கள் ஒருவருடையது மட்டுமில்லை. நீங்கள் அனுப்புகிற எச்சிலில் உங்கள் தம்பியும் மகளும் பாதிப் பாதி இருக்கிறார்கள். மேலே சொன்ன அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின, 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், ஜீனை மாற்ற முடியாது. மரபணு முடிவை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2008இலேயே தனிச் சட்டம் வந்தது, அதுகூட ஆயுள் காப்பீட்டுக்குச் செல்லாது. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டமே இல்லை. மருத்துவமனை மூலம் எடுக்கும்போதும் இதைக் கேளுங்கள்: மாதிரியை யார் வைத்திருப்பார்கள், எத்தனை நாள், ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா என்று.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் போய்வாருங்கள். போனில் கேட்க வேண்டாம், இது நேரில் கேட்கிற விஷயம். உடல் தேறி வருகிறவரிடம் 'உங்களால் எங்களுக்கு வந்துவிடுமோ' என்ற தொனி துளியும் வரக் கூடாது. "அத்தை, உங்க வைத்தியத்துக்கும் இது உதவுமாம், எங்களுக்கும் வழி காட்டுமாம்" என்று தொடங்குங்கள், அது உண்மையும்கூட. கட்டியின் சதையைச் சோதித்து எழுதிய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஓவரி (சினைப்பை), எண்டோமெட்ரியம் (கர்ப்பப்பையின் உள் சவ்வு), செர்விக்ஸ் (கர்ப்பப்பை வாய்) என்ற மூன்றில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள், உங்களுக்குப் புரியாவிட்டால் உள்ளூர் மருத்துவர் யாரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்பாரு, அப்பத்தா, அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், யார் யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று அத்தையையும் அப்பாவையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'வயித்துக்கட்டி', 'நெஞ்சுக்கட்டி', 'இளவயசுலயே போயிருச்சு' என்று என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அம்மா வழியிலும் அப்பச்சி, அம்மிச்சி வரை கேட்டுவிடுங்கள்.

அந்தக் காகிதத்தையும் ரிப்போர்ட் படத்தையும் எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். தம்பியையும் கூட அழைத்துப் போங்கள். அக்கறையோடு முதலில் பேச்செடுத்தவர் அவர்தான், அவருக்கும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.